சி ஆக்சிஸ் ஹோமிங் கிட்: சாமான் நல்லாருக்கு, மேனுவல்தான் காலை வாரிடுச்சு

வீட்டு சிஎன்சி லேத்ல ஸ்பிண்டிலை (ஜாப்ப சுத்தற தண்டு) சி ஆக்சிஸா, அதாவது சொன்ன டிகிரில திருப்பி நிறுத்தற மாதிரி ஓட்டறவங்களுக்குத் தெரியும், திருப்பறது ஒரு மேட்டரே இல்ல, ஜீரோ எங்கன்னு மிஷினுக்கு தெரியணும் (அத தேடி புடிக்கறதுதான் ஹோமிங்), கரண்ட் போயிட்டு வந்தாலும் அதே எடத்துல வந்து நிக்கணும், இல்லன்னா ஆறு ஹோல்ல மூணு போட்ட ஃப்ளேஞ்ச் நேரா ஸ்க்ராப்தான்.

முன்னாடி வெறும் ப்ராக்சிமிட்டி சென்சார் (இரும்பு கிட்ட வந்தா ஆன் ஆகறது) மட்டும் வெச்சு ஓட்டிட்டு இருந்தேன். 40 மிமீ ரேடியஸ்ல டயல் கேஜ் வெச்சு பாத்தா ஒவ்வொரு தடவை ஹோம் பண்ணும்போதும் முள்ளு 0.1 மிமீ வரைக்கும் ஆடும். சென்சார் ஆன் ஆகற எடம் வேற, ஆஃப் ஆகற எடம் வேற, அதுல பெல்ட் லூஸும் சேந்துக்கும். இந்த கிட்ல சென்சாரோட 1000 லைன் என்கோடரும் (எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணி சொல்றது) வருது, அதுல ஒரு சுத்துக்கு ஒரு இண்டெக்ஸ் பல்ஸ். சென்சார் குத்துமதிப்பா எடத்த காட்டும், அதுக்கப்புறம் வர்ற மொத இண்டெக்ஸ்ல துல்லியமா லாக் ஆகும். என்கோடர் மோட்டார் பக்கம், ஒரு லைனுக்கு நாலு கவுன்ட், பெல்ட் 4:1, அப்போ ஸ்பிண்டில் ஒரு சுத்துக்கு 16000 கவுன்ட், அதாவது ஒரு கவுன்ட்டுக்கு 0.0225 டிகிரி. மாட்டுனப்புறம் இருபது தடவை ஹோம் பண்ணேன், டயல் 0.02 தாண்டல. சந்தோஷம் தாங்கல!

நாலாவது நாள் ஹோம் பண்ணா சக் (ஸ்பிண்டில் முனைல ஜாப்ப புடிக்கறது) கரெக்டா கால் சுத்து தள்ளி நிக்குது. திருப்பி பண்ணா சரியாயிடுது. வயரிங் பாத்தேன், ஷீல்டு எர்த் பாத்தேன், டிரைவரை கண்டபடி திட்டுனேன், ரெண்டு ராத்திரி போச்சு. அப்புறம்தான் 90 டிகிரின்னு மண்டைல உறைச்சுது. மோட்டார் நாலு சுத்து சுத்துனாதான் ஸ்பிண்டில் ஒரு சுத்து, அப்போ ஸ்பிண்டிலுக்கு 90 டிகிரிக்கு ஒரு இண்டெக்ஸ் வருது. கையால மெதுவா திருப்பி பாத்தா சென்சார் லைட் எரியற அதே எடத்துலயே இண்டெக்ஸும் விழுது, லைட் ஒரு மயிரிழை லேட்டா எரிஞ்சா இந்த இண்டெக்ஸ விட்டுட்டு அடுத்தத புடிச்சுக்குது. சென்சாருக்கு காட்டற இரும்புத் துண்டோட ஸ்க்ரூவ லூஸ் பண்ணி 45 டிகிரி தள்ளி வெச்சேன், ரெண்டு இண்டெக்ஸுக்கு நடுவுல விழற மாதிரி. அதோட தீந்துச்சு. மேனுவல்ல இத பத்தி ஒரு வரி கூட இல்ல, நாலு பக்கத்துல மூணு பக்கம் ஸ்க்ரூ டிரைவர் புடிக்கறது எப்படின்னு படம்.

பிராக்கெட் தகடு மெல்லிசு, டர்னிங் ஓடும்போது அதிருது, நான் 6 மிமீ பிளேட்ல வேற அடிச்சுக்கிட்டேன். இன்னொன்னு, வாங்கறவங்க தப்பா நெனச்சுக்காதீங்க, இது மிஷின் ஹோம் மட்டும்தான் குடுக்கும். சக்கை கழட்டி மாட்டுனாலோ ஜாப் மாத்துனாலோ வொர்க் ஜீரோ நாமதான் போடணும், ஜாப்போட ஃப்ளாட்ல டயல் ஓட்டி நேர் பண்ணிட்டு, இந்த எடம்தான் சி ஜீரோன்னு சொல்ற ஜி10 எல்20 பி1 சி0 கமாண்ட் அடிக்கணும். லினக்ஸ்சிஎன்சி (மிஷின் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்) ஓட்டறவங்க அதோட செட்டிங்ஸ் இருக்கற ஐஎன்ஐ ஃபைல்ல ஹோம் யூஸ் இண்டெக்ஸ் ஆன் பண்ண மறந்துட்டா என்கோடர் இருந்தும் சும்மாதான், ஹோமிங்கு சென்சார மட்டும்தான் பாக்கும்.

அஞ்சுக்கு நாலு குடுக்கலாம், ஒண்ணு அந்த ரெண்டு ராத்திரிக்கு கட். ஆங், இரும்பு வெட்டுறவங்க சென்சார் மூஞ்சில பிசிறு ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு ஹோம் அமுக்குங்க, அத டார்கெட்னு நெனச்சுக்குது.