9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் மோட்டார்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

உவரிக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. வள்ளத்தை மணலிலிருந்து தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குள் போகவேண்டும். திரும்பும்போதும் அதே அலையின் முதுகில் ஏறித்தான் கரை சேரவேண்டும். வள்ளத்தின் பின்னால் மாட்டும் மோட்டாரைப் பற்றி நான் எழுதும் எல்லாமே இந்த ஒரு நிலையிலிருந்து பிறப்பவை. தளம் கட்டிய துறைமுகத்தில் படகு நிறுத்துபவருக்கு இவற்றில் பாதி பொருந்தாமல் போகலாம்.

என்னுடையது 26 அடி ஃபைபர் வள்ளம். மூன்று பேர் போவோம். வலை, ஐஸ், எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் கட்டுமரங்கள் வேகமாக மறைந்து ஃபைபர் வள்ளங்கள் பெருகியபோது, அவற்றோடு 9.9 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் மோட்டாரும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. யமஹா, சுசுகி என்ற இரண்டு பெயர்களைச் சுற்றித்தான் கரையில் வாக்குவாதம் நடக்கும். நான் வாங்கியது எந்தப் பெயர் என்பதைச் சொல்லப்போவதில்லை. ஒன்பது ஆண்டுகளில் நான் பட்ட கஷ்டங்களில் பெரும்பாலானவை நிறுவனத்தால் வந்தவை அல்ல, நான் அளக்காமல் வாங்கியதால் வந்தவை.

இத்தகைய வெளிமோட்டார்களின் தண்டு உயரம் (மாட்டும் இடத்திலிருந்து புரொப்பெல்லர் பக்கம் இறங்கும் நீளம்) பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்ற கணக்கில் வருகிறது. மோட்டாரை மாட்டும் பின்பலகையின் உயரம் என் வள்ளத்தில் 19 அங்குலம். கடையில் அன்று கையிருப்பில் இருந்தது 15 அங்குலக் குட்டைத் தண்டு. நீளத் தண்டு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். பின்பலகை எவ்வளவு என்று விற்றவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீசன் தொடங்கிவிட்ட அவசரத்தில், அடுத்த நாளே கடலுக்குப் போகவேண்டும் என்ற ஒரே நினைப்பில் அதையே தூக்கிக்கொண்டு வந்தேன்.

புரொப்பெல்லருக்குச் சற்று மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். அது வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருந்தால்தான் மேலிருந்து காற்று உள்ளே இழுபடாமல் புரொப்பெல்லர் தண்ணீரைப் பிடித்துத் தள்ளும். என்னுடையதில் அந்தத் தகடு அடிமட்டத்துக்கு நான்கு அங்குலம் மேலே நின்றது. அமைதியான கடலில் இது பெரிதாகத் தெரியவில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்து, அலை உயர்ந்த ஆனி மாதத்தில் ஒரு மாலை கரைக்குத் திரும்பும்போது, பின்னாலிருந்து வந்த அலை வள்ளத்தின் பின்பகுதியான கடையாலைத் தூக்கியது. புரொப்பெல்லர் காற்றை இழுத்தது. என்ஜின் வீறிட்டுச் சுற்றியதே தவிர வள்ளம் ஓர் அடிகூட நகரவில்லை. அடுத்த அலை எங்களைக் குறுக்கே திருப்பிப் போட்டது. ஆளுக்குச் சேதமில்லை, ஒரு செட் வலையும் ஐஸ் பெட்டியும் போயின.

அதற்குப் பிறகும் நான் உடனே திருந்தவில்லை. பின்பலகையை நான்கு அங்குலம் வெட்டித் தாழ்த்தினால் போதும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வெட்டினேன். மோட்டார் சரியான ஆழத்துக்கு இறங்கியது உண்மை. ஆனால் அந்த வெட்டு வழியாகவே பின்னலை உள்ளே ஏறத் தொடங்கியது. ஒரு மாதம் தண்ணீர் இறைத்துக் களைத்தபின், வெட்டிய இடத்தை மீண்டும் ஃபைபர் போட்டு அடைத்து, குட்டைத் தண்டை நட்டத்துக்கு விற்று, 20 அங்குல நீளத் தண்டு மோட்டாரை வாங்கினேன். 2016 முடிவில் வாங்கிய அந்த மோட்டார்தான் இன்றுவரை ஓடுகிறது. இனி எழுதுவதெல்லாம் அதைப் பற்றியது.

முதலில் குதிரைத்திறன். 9.9 போதுமா, 15 வேண்டுமா என்பதுதான் புதிதாக வாங்குபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. (9.9 என்ற விசித்திரமான எண், அமெரிக்காவில் பல ஏரிகளில் இருந்த 10 குதிரைத்திறன் வரம்புக்குள் அடங்குவதற்காக வந்தது. நம் கடலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) சுமையேற்றிய வள்ளம் தண்ணீரைக் கிழித்துத்தான் போகும், விசைப்படகு போல மேலெழுந்து சறுக்காது. அப்படிப் போகும் எந்த ஓடத்துக்கும் அதன் நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் அதன் நீளம்) ஒரு வேக வரம்பை வைக்கிறது. என் வள்ளத்துக்கு நீர்க்கோடு 24 அடி. வரம்பு ஏறத்தாழ ஆறரை நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதற்கு மேல் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி அலையெழுப்புவதில்தான் வீணாகிறது.

இதை நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியை முழுவதும் திருகினால் மணிக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் செலவாகி, ஜிபிஎஸ் 6.6 நாட் காட்டுகிறது. முக்கால் திருகலில் மூன்றரை லிட்டரில் ஆறு நாட் கிடைக்கிறது. பத்துக் கடல் மைல் போய்த் திரும்பும் நாளில் முழுத் திருகல் எனக்கு மிச்சப்படுத்துவது 18 நிமிடம், கூடுதலாகக் குடிப்பது நான்கு லிட்டர். மாதம் 25 நாள் கடலுக்குப் போனால் 100 லிட்டர். மானிய மண்ணெண்ணெய் மாதம் முடியுமுன்பே தீர்ந்துவிடும் எங்களுக்கு அந்த 100 லிட்டர் சிறிய கணக்கு அல்ல. ஆகவே சுமை வள்ளத்துக்கு 15 வாங்குவதில் பயன் குறைவு என்பது என் முடிவு. மெலிந்த, எடை குறைந்த வள்ளத்தில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

குதிரைத்திறனைவிட எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது புரொப்பெல்லர். மோட்டாரோடு வந்தது இலகுவான படகுக்கானது. பிளக் வயரில் கம்பியைச் சுற்றி, என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று அளக்கும் சிறிய ஆர்பிஎம் மீட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்தபோது, முழுத் திருகலிலும் 4,250க்கு மேல் சுற்று ஏறவில்லை; கையேடு கேட்டது 4,500 முதல் 5,500 வரை. அதாவது மேட்டில் மேல் கியரிலேயே வண்டியை ஓட்டுவதுபோல என்ஜினை முக்க வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பிட்ச் (ஒரு சுற்றில் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம்) இரண்டு அங்குலம் குறைந்த புரொப்பெல்லரை மாட்டியதும் 4,700 வந்தது. உச்ச வேகம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் அலை இடைவெளியில் திருகியவுடன் வள்ளம் பாய்ந்து முன்னே போகிறது. கரையலையில் அந்த முதல் தள்ளுதான் வேண்டும். மோட்டாரின் விலையோடு பார்த்தால் புரொப்பெல்லரின் விலை ஒன்றுமே இல்லை, ஆனாலும் கரையில் பத்துப் பேரில் ஒருவர்கூட அதை மாற்றிப் பார்ப்பதில்லை.

மண்ணெண்ணெயின் குணத்தையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. பெட்ரோலில் கிளப்பி, என்ஜின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரைக் கழுவவேண்டும். வலை வாங்கும்போது, அதாவது கடலிலிருந்து வலையை இழுத்து ஏற்றும்போது, மெதுவாக ஓடவிட்டால் மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்கில் கரி பிடிக்கிறது. அதனால் வலை வாங்கும் நேரத்திலும், அலையைத் தாண்டும் இரண்டு வேளையிலும் நான் பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன். அலைக்கு நடுவில் என்ஜின் அணைந்துபோவதைவிட அரை லிட்டர் பெட்ரோல் மலிவு. ஆயில் கலவை என் மோட்டாருக்கு 30க்கு 1. இருபது லிட்டர் கேனுக்கு 670 மில்லி. கண்ணால் ஊற்றாமல் அளவுக் குவளையில் ஊற்றுகிறேன்.

பழுதுகளில் பெரியது 2019இல் வந்தது. அறுந்து மிதந்த தங்கூசி என்னும் நைலான் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, ஆயில் சீலை அறுத்துவிட்டது. வெளியிலிருந்து எதுவும் தெரியவில்லை. கியர் ஆயிலைத் திறந்து பார்த்த நாளில் அது மோர்போல வெளுத்திருந்தது; அதற்குள் கியர்ப் பற்கள் கெட்டுவிட்டன. ஒரு மாத வருமானம் அதில் போனது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்கிறேன். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு நரம்பாவது கிடைக்கிறது. அதேபோல, ஆழமில்லாத இடத்தில் மணலையும் சேர்த்து உறிஞ்சுவதால் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இறக்கை) சீக்கிரம் தேய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆக்கினேன். வெட்டிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, உள்ளே உப்பு போக மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுவதைக் குடிதண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்திலும் விட்டதில்லை. அதற்காக வீட்டில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை.

நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை என் மைத்துனர் வாங்கி இரண்டு ஆண்டு ஓட்டினார். நானும் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைவு, எரிபொருளும் குறைவு, ஆயில் கலக்கும் வேலை இல்லை. ஆனால் அது பெட்ரோல் மட்டுமே குடிக்கும். தினமும் கழற்றித் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோகும் எங்களுக்கு, இரண்டு ஸ்ட்ரோக்கைவிடக் கூடுதலான அதன் எடையும், குறித்த பக்கமாக மட்டுமே படுக்க வைக்கவேண்டும் என்ற நிபந்தனையும் தொல்லை. மாற்றிப் படுத்தால் ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். வள்ளம் கவிழ்ந்து மோட்டார் மூழ்கினால், இரண்டு ஸ்ட்ரோக்கில் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஆயில் விட்டுக் கயிற்றை இழுத்து அன்றைக்கே உயிர்ப்பித்துவிடலாம்; நானே இருமுறை செய்திருக்கிறேன். மைத்துனருடையது மூழ்கியபோது ஆயிலை மூன்று முறை மாற்றியும் சரிவராமல், நாகர்கோவிலுக்கு ஏற்றிப்போய் மூன்று வாரம் காத்திருந்தார். துறைமுகத்தில் கட்டிவைக்கும் படகாக இருந்தால் நான் நான்கு ஸ்ட்ரோக்கைத்தான் வாங்குவேன்.

டெல்டாக் கரையில் அதிகம் புழங்கும், பின்னால் நீண்ட கம்பத்தின் நுனியில் புரொப்பெல்லர் உள்ள லாங்டெயில் டீசல் என்ஜினை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. எரிபொருள் செலவில் அதை எதுவும் வெல்லமுடியாது. அதிர்வும் இரைச்சலும் நாள் முழுக்கத் தாங்கவேண்டும்.

என் மோட்டாரின் இரண்டு சிலிண்டர்களிலும் அழுத்தம் இன்னும் சமமாக இருக்கிறது என்று சென்ற மாதம் அளந்து பார்த்த மெக்கானிக் சொன்னார். ஆகவே இப்போதைக்குப் புது மோட்டார் வாங்கும் எண்ணம் இல்லை. வள்ளம்தான் பழசாகிவிட்டது, புதியது பட்டறையில் ஏறியிருக்கிறது. அச்சில் ஃபைபர் விரிப்பதற்கு முன்பே போய், பின்பலகையை 19 அங்குலத்துக்குக் குறித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.