ட்விலைட் ஸ்ட்ரகிள்: அங்கோலாவில் பகடை உருட்டிய கதை

நண்பன் வீட்டில் ஏழெட்டு முறை ஆடிவிட்டேன், இனி தைரியமாக எழுதலாம். 2005இல் ஜிஎம்டி கேம்ஸ் வெளியிட்ட, பனிப்போரைப் பற்றிய போர்டு கேம் இது, வடிவமைத்தவர்கள் அனந்தா குப்தா, ஜேசன் மேத்யூஸ். இரண்டு பேர் ஆடுவது. ஒருவர் அமெரிக்கா, மற்றவர் சோவியத். பெயருக்குத்தான் இவர்கள் சண்டை, அடி வாங்குவதெல்லாம் ஈரானும் பனாமாவும் ஜயரும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு).

பலகையில் ஒவ்வொரு நாட்டுக்கும் நிலைத்தன்மை என்று ஒரு எண் உண்டு. பிரிட்டனுக்கு 5, அங்கோலாவுக்கு 1. ஆட்சியைக் கவிழ்க்க, பகடையில் விழுந்ததோடு, கையிலிருந்து இறக்கும் சீட்டின் மதிப்பைக் கூட்டி, நாட்டு எண்ணின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். 3 மதிப்புள்ள சீட்டுக்குப் பகடையில் 4 விழுந்தால் அங்கோலாவில் எதிராளியின் செல்வாக்கில் 5 புள்ளி காலி. அதே சீட்டு, அதே பகடை, பிரிட்டனில் ஒரு துரும்பும் அசையாது.

ஆனால் என்னை உலுக்கியது டெஃப்கான். அணு ஆயுதப் போர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் அளவுகோல், 5இல் தொடங்கும். 4க்கு இறங்கினால் ஐரோப்பாவில் கவிழ்ப்பு கூடாது, 3 என்றால் ஆசியாவிலும், 2 என்றால் மத்தியக் கிழக்கிலும் கூடாது. 1 ஆனால் யார் முறையில் ஆனதோ அவர் தோற்றார். சரி, வம்பே வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா என்றால் அதுவும் முடியாது, சுற்றுக்கு இத்தனை ராணுவ நடவடிக்கை (கவிழ்ப்பும் அதில் சேரும்) என்று கணக்குக் காட்டாவிட்டால் எதிராளிக்குப் புள்ளி போய்விடும். அப்புறம் எங்கே போவது? ஆப்பிரிக்காவுக்கு, லத்தீன் அமெரிக்காவுக்கு. அங்கேயும் முக்கியமான நாட்டில் கை வைத்தால் டெஃப்கான் இறங்கும் என்பதால், கேட்க நாதியில்லாத நாடாகப் பார்த்து விரலை ஓட்டிக்கொண்டிருப்போம். பெரியவர்கள் நேருக்கு நேர் மோதப் பயந்ததால்தான் ஏழை நாடுகளில் ரத்தம் ஓடியது என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன், நானே அப்படித் தேடியபோதுதான் மண்டையில் ஏறியது.

குறை? அந்த நாடுகளுக்கென்று ஒரு புத்தியே கிடையாது. எகிப்து அதிபராக இருந்த நாசர் இங்கே சோவியத்துக்கு எகிப்தில் செல்வாக்கு தரும் ஒரு சீட்டு, அவ்வளவுதான். 1956இல் அஸ்வான் அணைக்கான பணத்தை அமெரிக்கா தர மறுத்ததும் சூயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கி, பிறகு சோவியத் உதவியில் அணையைக் கட்டிய மனிதரை இப்படிச் சுருக்குவதா! 1975இல் விடுதலை பெற்ற கையோடு அங்கோலாவில் மூண்ட போர், பனிப்போர் முடிந்த பிறகும் நீண்டு 2002இல்தான் ஓய்ந்தது. பலகையில் அது அரை நிமிட வேலை. பனிப்போரின் தர்க்கத்தை, பொய்யான பகுதிகள் உட்பட, அப்படியே ஏற்றுக்கொண்டுதான் செய்தோம் என்று வடிவமைத்தவர்களே விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மை பிடித்தது.

எங்களுக்கு ஒரு ஆட்டம் முடிய மூன்று மணி நேரமாவது ஆகிறது. முதல் இரண்டு ஆட்டம் குழப்பும், எதிராளிக்குச் சாதகமான சீட்டு உங்கள் கையில் வந்து உங்களையே கடிக்கும். செலவு யோசிப்பவர்கள் கணினிப் பதிப்பில் ஆடிப் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கலாம். நான் வாங்கப்போவதில்லை, நண்பனிடம்தான் இருக்கிறதே.