இ.கோலை சாற்று கிட்: மரபணு வகுப்புக்கு வாங்கலாமா?

உயிருள்ள பாக்டீரியாவே இல்லாமல் குழாயில் புரதம் தயாரிக்கும் கிட்களில் இரண்டு வகை உண்டு. இ.கோலை பாக்டீரியா செல்களை உடைத்தெடுத்த சாறு ஒன்று. புரதத்தைக் கோக்கும் ரைபோசோமையும் நொதிகளையும் தனித்தனியே சுத்திகரித்துக் கலந்தது இன்னொன்று. பாலிடெக்னிக், ஜேசி (ஜூனியர் காலேஜ்) வகுப்புகளுக்குச் சாறுதான் நம் தேர்வு. ஆர்என்ஏயை வெட்டும் ஆர்என்ஏஸ் ஈ என்ற நொதி அதில்தான் இருக்கிறது. சுத்தக் கலவையில் ஆர்என்ஏ சிதைவுப் பாடமே நடக்காது.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு 250 நானோகிராம் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ), 37 டிகிரியில் 3 மணி நேரம். ஒளிரும் புரதத்துக்கான மரபணுவில் புரதம் தொடங்கும் இடமான ஏயூஜிக்கு 7 எழுத்து முன்னால், ரைபோசோம் ஒட்டும் ஏஜிஜிஏஜிஜி இருந்தால் நீல விளக்கில் பச்சை பளிச்சென்று தெரியும். இடைவெளியை 2 எழுத்தாகக் குறைத்தால் மங்கிவிடும்: ரைபோசோமின் 16எஸ் ஆர்என்ஏ வால் அங்கே ஒட்டினாலும் ஏயூஜி சரியான இடத்தில் வந்து உட்காராது. குழாயை விளிம்புவரை நிரப்பி மூடினால் பச்சை மங்கலாம். அந்தப் புரதம் ஒளிர ஆக்ஸிஜன் வேண்டும்.

அடுத்து, ஆர்என்ஏயின் 5' முனையில் ஒரு ஹேர்பின் (கொண்டை ஊசிபோல் தன்மேலேயே மடியும் பகுதி) வைத்துப் பாருங்கள். ஆர்என்ஏஸ் ஈக்கு முனையில் ஒற்றை பாஸ்பேட் உள்ள, மடியாத ஆர்என்ஏதான் பிடிக்கும். முனை மடிந்திருந்தால் பிடி எளிதில் கிடைக்காது, ஆர்என்ஏ நீடிக்கும். இங்கே கையேட்டின் மீது ஒரு குறை: சாறு எந்த வகை இ.கோலையிலிருந்து எடுத்தது என்று சொல்வதே இல்லை. ஆர்என்ஈ131 என்ற மரபணு மாற்றம் கொண்ட வகை என்றால், அதன் ஆர்என்ஏஸ் ஈ வால் அறுந்தது. எம்ஆர்என்ஏ நெடுநேரம் நிற்கும், ஹேர்பினால் வரும் வேறுபாடு சுருங்கிப்போகும். வாங்குமுன் விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

எதுவுமே ஒளிரவில்லையா? முதலில் மினிபிரெப்பை (பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்த முறையை) சந்தேகியுங்கள். அதில் சேர்த்த ஆர்என்ஏஸ் ஏ என்ற இன்னொரு ஆர்என்ஏ வெட்டும் நொதி பிளாஸ்மிட்டோடு வந்துவிடும். வினைக்கு 20 யூனிட் ஆர்என்ஏஸ் தடுப்பான் போதும். அது ஏ குடும்பத்தைத்தான் பிடிக்கும், ஈயைத் தொடாது. ஆகவே ஹேர்பின் சோதனை கெடாது. பிளாஸ்மிட்டுக்குப் பதில் பிசிஆரில் பெருக்கிய நீள டிஎன்ஏ துண்டை நேராகப் போட்டால் சாற்றிலுள்ள ரெக்பிசிடி என்ற நொதி அதைத் தின்றுவிடும்; அதைத் தடுக்கக் காம்எஸ் புரதம் சேர்க்க வேண்டும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் ஐஸிலிருந்து எடுத்த குழாயின் மூடியில் நொடியில் தண்ணீர் பூக்கும். துடைத்துவிட்டுத் திறங்கள். வெள்ளிக்கிழமை மாலை வந்து சேரும்படி ஆர்டர் போடாதீர்கள். பெட்டியில் உலர் பனி மிச்சமில்லாவிட்டால் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புங்கள். வந்ததும் சிறு குழாய்களில் பிரித்து -80 டிகிரியில் வைக்கவும்.