டைட்டில் ஃபைட்டில ஆர் வெல்லுவான்? கன வருஷமா பாவிச்ச சாமான்களப் பற்றி

ஹெவிவெயிட் பொக்சிங் டைட்டிலுக்கு உசிக்கும் ஃபியூரியும் அடிபட்ட முதல் ஃபைட்டுக்குப் பிறகு கனபேர் என்னட்டக் கேட்டவை, நீ எப்பிடி இதுகளுக்கு பிரெடிக்‌ஷன் போடுறாய், என்ன சைட் பாக்கிறாய், என்ன ஆப் பாவிக்கிறாய் எண்டு. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் நோட் போட்டு முடியாது, அதால எல்லாத்தையும் ஒரேயடியா எழுதிவிடுறன். காசு வச்சு பெட் பிடிக்கிற ஆக்களுக்கு இது எழுதேல்ல. எங்கட கொழும்பு வெள்ளவத்தை – கொட்டாஞ்சேனை கூட்டத்தில காசு வைக்கிறேல்ல. ஃபைட்டுக்கு முதல் நாள் இரவு 12 மணிக்குள்ள ஆர் வெல்லுவான், எத்தினை வீதம், எப்பிடி முடியும் எண்ட மூண்டையும் வட்ஸப் குரூப்பில போடோணும், பிறகு மாத்த ஏலாது, அதுதான் சட்டம்.

முதலே சொல்லிவிடுறன், இவ்வளவு காலத்தில எனக்கு ஆகக் கூடப் பிரயோசனப்பட்டது ஒரு சி.ஆர். கொப்பியும் (ஸ்கோர் எழுதிற நோட்டுப் புத்தகம்) பழைய ஃபைட் வீடியோக்களும்தான், மற்றதெல்லாம் அதுக்குத் துணை. ஏனெண்டா நம்பர் எல்லாம் ஒருத்தன் முந்தி ஆரோட என்ன செய்தவன் எண்டு சொல்லும், இப்ப முன்னுக்கு நிக்கப்போற ஆள் அதைச் செய்ய விடுவானா எண்டு சொல்லாது, அதை நாங்கள்தான் கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கோணும்.

பொக்ஸ்ரெக்கில இருந்து தொடங்குவம். 2000ஆம் ஆண்டில இருந்து இருக்கிற சைட், ஒரு ஆளின்ர பேரை அடிச்சா அவன் புரொஃபெஷனலா அடிச்ச ஃபைட் எல்லாம் வரிசையா வரும், வெண்டது பச்சை, தோத்தது சிவப்பு. புதுசா பாக்கிற ஆக்கள் மேல இருக்கிற 30-0, 25-1 எண்ட வெண்டது-தோத்தது கணக்கை மட்டும் பாத்திட்டு மூடுறவை, அதில ஒண்டும் இல்ல. அந்த 30 பேரும் ஆர் எண்டு ஒவ்வொரு பேரா அமத்திப் பாக்கோணும், கனக்கத் தோத்த ஆக்களைக் கூட்டிக்கொண்டுவந்து ரெக்கோர்டைப் பச்சையாக்கிறது பொக்சிங்கில பழைய வேலை. நான் பாக்கிறது வேற மூண்டு விஷயம்: கடைசியா எப்ப அடிச்சவன், கடைசி ரெண்டு மூண்டு வருஷத்தில எத்தினை ரவுண்ட் போனவன், எந்த எடையில. இந்த சைட்டின்ர அருமை 2019 ஜூன் 1இல மடிசன் ஸ்குவயார் கார்டினில அந்தோனி ஜோஷுவாவும் அன்டி ரூயிஸும் அடிபட்டபோது வடிவா விளங்கினது. ரூயிஸ் கடைசி நேரத்தில வேற ஒருத்தனுக்குப் பதிலா வந்தவன், உலகம் முழுக்க அவன்ர வயித்தைப் பாத்துச் சிரிச்சது, ஆனா ரெக்கோர்டில 32 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, அதுவும் 2016இல ஜோசஃப் பார்க்கரோட டைட்டிலுக்கு அடிச்சு ஜட்ஜ்மார் போட்ட பொயின்ட்ஸில. அப்பிடி ஒருத்தனை ஆரும் லேசா விழுத்த ஏலாது. ஜோஷுவா நாலு தரம் விழுந்து 7ஆம் ரவுண்டில முடிஞ்சுது.

ஆனா பொக்ஸ்ரெக்கின்ர ரேங்கிங் பொயின்ட்ஸை வச்சு நான் ஒருநாளும் முடிவெடுக்கிறேல்ல. அது ஆர் ஆரை வெண்டவன் எண்ட கணக்கு, ஸ்டைல் அதுக்குத் தெரியாது.

அடுத்தது கொம்ப்யூபொக்ஸ். ரிவியில ரவுண்டுக்கு ரவுண்ட் எத்தினை அடி விட்டவன், எத்தினை பட்டது எண்டு வருமே, அது. 1985இல இருந்து நடக்குது. இதை ஏதோ கமரா, சென்சர் எண்ணுது எண்டு கனபேர் நினைக்கினம், உண்மையில ரெண்டு மனிசர் இருந்து ஆளுக்கொரு பொக்சரைப் பாத்து நாலு பட்டனை அமத்தினம்: ஜாப் (முன்கையால நேரா விடுற அடி) பட்டது, ஜாப் படேல்ல, பவர் பட்டது, பவர் படேல்ல. ஜாப் இல்லாத எல்லா அடியும் பவர்தான், காதுக்குக் கீழ தடவினாலும் பவர், ஆளை அப்பிடியே ஆட்டிவிட்டாலும் பவர், ரெண்டுக்கும் ஒரு எண்ணிக்கை. இது தெரிஞ்சுகொண்டு பாவிச்சா நல்ல சாமான். ஒருத்தன் ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு வேலை செய்வான், 9ஆம் ரவுண்டுக்குப் பிறகு கை குறையுதா எண்டு பாக்க இதைவிட வசதியா ஒண்டும் இல்ல. ஆனா 2020 ஒக்டோபர் 17இல லொமசென்கோ – டியோஃபிமோ லோபஸ் ஃபைட்டை ஒருக்காப் பாருங்கோ. அதுக்கு முந்தின ஃபைட்டுகளில லொமசென்கோ எப்பிடி ஓயாம அடிச்ச ஆள், லோபஸுக்கு முன்னால முதல் அரைவாசி கையே நீட்டேல்ல, லோபஸின்ர உடம்பும் ரேஞ்சும் அவனை உள்ளுக்கு வர விடேல்ல, ஜட்ஜ்மார் மூண்டு பேரும் கூட்டுப் புள்ளி 116-112, 117-111, 119-109 எண்டு லோபஸுக்குக் குடுத்தவை. பழைய நம்பர் எல்லாம் வேற ஆக்களோட எடுத்த நம்பர், அவ்வளவுதான்.

ஒட்ஸ் பற்றி, அதாவது ஒரு ரூபா பெட் வச்சு வெண்டா பெட்டிங் கொம்பனி எவ்வளவு திருப்பித் தரும் எண்ட நம்பர். பெட் பிடிக்காட்டியும் ஒட்ஸ் பாக்கோணும், ஏனெண்டா அதில கனபேற்ற யோசினை சேர்ந்திருக்கு. ஒருத்தனுக்கு 1.25, மற்றவனுக்கு 4.00 எண்டு போட்டிருந்தா 1ஐ 1.25ஆல பிரிச்சா 80 வீதம், 1ஐ 4ஆல பிரிச்சா 25 வீதம், கூட்டினா 105. அந்த மேலதிக 5 பெட்டிங் கொம்பனி தனக்கு வைக்கிற பங்கு. 80ஐ 105ஆல பிரிச்சா கிட்டத்தட்ட 76 வீதம், அதுதான் சந்தையின்ர உண்மையான கணிப்பு. நான் முதல் என்ர வீதத்தை எழுதிப்போட்டுத்தான் ஒட்ஸைத் திறக்கிறது, முதல்லயே பாத்தா மனசு அந்தப் பக்கம் சாஞ்சிடும். இன்னொண்டு, பேர் பெரிய ஆளின்ர பக்கம் ரசிகர்மாற்ற காசு குமியும், அதால ஒட்ஸில அந்த ஆளுக்கு வாற வீதம் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும். 1990 பெப்ரவரி 11இல டோக்கியோவில மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் 10ஆம் ரவுண்டில நொக்அவுட் ஆக்கின ஃபைட்டுக்கு டக்ளஸுக்கு 42க்கு 1, அதாவது 1 வச்சா 42 லாபம். வீதத்தில பாத்தா 2 சொச்சம். 2 வீதம் எண்டா நடக்காது எண்டில்ல, நூறு ஃபைட்டில ரெண்டு தரம் நடக்கும் எண்டுதான் அர்த்தம், இதை விளங்கிக்கொண்டாலே பாதிச் சண்டை குரூப்பில குறைஞ்சிடும்.

ஏஐ ஆப்பிட்டக் கேக்கிறது பற்றி அதிகம் எழுத ஒண்டும் இல்ல. ரெண்டு பேருக்கும் வாய்ப்பு இருக்கு எண்டு வடிவாச் சொல்லும். ஒருத்தன் இடக்கைக்காரரோட அடிச்ச ஃபைட் எல்லாத்தையும் எடுத்துத் தா எண்டு கேட்டா உதவும், அதையும் பொக்ஸ்ரெக்கில சரிபாத்துத்தான் எடுக்கிறது. 2024 டிசம்பர் 21 உசிக் – ஃபியூரி ரெண்டாவது ஃபைட்டில ஒரு ஏஐ ஜட்ஜையும் பரீட்சைக்கு வச்சவை, உத்தியோகபூர்வம் இல்ல, அது 118-112 உசிக்குக்குக் குடுத்தது, மனிச ஜட்ஜ்மார் மூண்டு பேரும் 116-112. அது ஸ்கோர் போடுற வேலை, முன்கூட்டிச் சொல்லுறது வேற வேலை.

இப்ப கொப்பி. ரெண்டு பக்கத்தையும் விரிச்சு ஒவ்வொரு பொக்சருக்கும் கடைசி மூண்டு நாலு ஃபைட்டைப் போடுவன், முக்கியமா இப்ப வரப்போற ஆளின்ர ஸ்டைலில இருக்கிறவனோட அடிச்ச ஃபைட். சத்தத்தை முழுசா நிப்பாட்டோணும். கொமென்ட்ரி ஆக்கள் ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டா அவன் கையில தடுத்த அடியையும் பட்டதெண்டு சொல்லுவினம், சனம் சொந்த ஊர்க்காரன் கையசைச்சாலே கத்தும், சத்தத்தோட பாத்தா ஸ்கோர் மாறித்தான் வரும், நம்பாட்டி ஒரே ஃபைட்டை ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு ரவுண்டுக்கும் வெண்டவனுக்கு 10, மற்றவனுக்கு 9, அதாவது 10-9, விழுத்தினா 10-8, எந்தப் பக்கமும் போகலாம் எண்ட ரவுண்டுக்கு ஒரு நட்சத்திரம். பக்கத்தில ஒரு வரி மட்டும்: ஆர் பின்னுக்குப் போறான், ஆரின்ர ஜாப் முதல் போய்ச் சேருது, உடம்புக்கு ஆர் அடிக்கிறான்.

என்ர மாமா பள்ளிக்கூடக் காலத்தில ஸ்டப்ஸ் ஷீல்ட் எண்ட பள்ளிக்கூட பொக்சிங் போட்டியில அடிச்சவர், அவர் ஒருநாள் எனக்குப் பக்கத்தில இருந்து உசிக் – ஜோஷுவா முதல் ஃபைட்டை, 2021 செப்டம்பரில லண்டன் டொட்டன்ஹாமில நடந்தது, பாத்துக்கொண்டு சொன்னவர், "தம்பி, கையை எல்லாரும் பாப்பினம், நீ முன்காலைப் பார். இடக்கைக்காரனும் வலக்கைக்காரனும் நிண்டா ரெண்டு பேற்ற முன்காலும் முட்டிக்கொள்ளும், ஆர் தன்ர காலை வெளிப்பக்கம் வைக்கிறானோ அவன்ர பின்கைக்குத்தான் நேர் வழி திறக்கும்." வீடியோவை நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தம். உசிக்கின்ர வலக்கால் ஜோஷுவாவின்ர இடக்காலுக்கு வெளிய போன உடன அந்த இடக்கை நேராப் போகுது, ஜோஷுவா திரும்பி நிமிர முதல் உசிக் அங்க இல்ல. அண்டைக்கு இருந்து என்ர கொப்பியில கால் எண்டு ஒரு தனிக் கோடு இருக்கு, அது இல்லாம நான் இடக்கைக்காரன் இருக்கிற ஃபைட்டுக்கு வீதம் போடுறேல்ல.

கொப்பி ஸ்கோர் போடப் பழகினா இன்னொரு விஷயம் பிடிபடும். 2024 மே 18 ரியாத்தில நடந்த உசிக் – ஃபியூரி முதல் ஃபைட்டை எடுங்கோ. ஒரு ஜட்ஜ் உசிக்குக்கு 115-112, மற்றவர் உசிக்குக்கு 114-113, மூண்டாவது ஆள் ஃபியூரிக்கு 114-113. 9ஆம் ரவுண்டில உசிக்கின்ர இடக்கை பட்டு ஃபியூரி கயித்துக்குக் கயிறு அடிபட்டுக்கொண்டு போறான், கயிறு பிடிச்சிராட்டி விழுந்திருப்பான், ரெஃபரி எண்ணத் தொடங்கிறார், அது விழுந்த கணக்கு, அதால அந்த ரவுண்ட் 10-8. அந்த எண்ணிக்கை இல்லாம 10-9 ஆயிருந்தா கணக்கு 115-113 உசிக், 114-114, 115-113 ஃபியூரி, அதாவது டிரோ. 25 வருஷத்துக்குக் கிட்ட ஹெவிவெயிட்டில எல்லா பெல்ட்டும் ஒருத்தனிட்ட சேராம இருந்து சேர்ந்த ஃபைட், ஒரு எண்ணிக்கையில தங்கி நிண்டிருக்கு. இதைக் கண்டபிறகு கிட்டத்தட்ட சமமான ரெண்டு பேர் 12 ரவுண்டும் போற மாதிரி இருந்தா நான் 60, 62 வீதத்துக்கு மேல எழுதுறேல்ல.

ஜட்ஜ்மார் பற்றிச் சொல்லாம விட ஏலாது, இது எனக்கு உண்மையிலயே மனசு கொதிக்கிற விஷயம். 2017 செப்டம்பர் 16 கனெலோ – கொலொவ்கின் முதல் ஃபைட், ஒரு ஜட்ஜ் கொலொவ்கினுக்கு 115-113, ஒருவர் 114-114, மூண்டாவது ஆள் கனெலோவுக்கு 118-110. பத்து ரவுண்ட் கனெலோவுக்கு! அந்தப் பன்னிரண்டு ரவுண்டையும் சத்தமில்லாம பாத்து அப்பிடி ஒரு கணக்கு வருமோ எண்டு நீங்களே போட்டுப் பாருங்கோ. இன்னொரு பக்கம் பெட்டர்பியெவ் – பிவோல்: 2024 ஒக்டோபரில 116-112, 115-113, 114-114 எண்டு பெட்டர்பியெவுக்கு, 2025 பெப்ரவரியில அதே மூண்டு ஸ்கோரும் அப்பிடியே பிவோலுக்கு. அதால கொப்பியில நான் ரெண்டு வீதம் எழுதுவன், ஆர் கூட நல்லா அடிப்பான் எண்டு ஒண்டு, ஆரின்ர கையைத் தூக்குவினம் எண்டு ஒண்டு. குரூப்புக்குப் போறது ரெண்டாவது.

எடை நிறுக்கிற நாளைத் தவற விடாதேங்கோ. லாஸ் வேகாஸில வெள்ளிக்கிழமை நிறுத்தா எங்களுக்கு சனிக்கிழமை விடிய முதல் தெரிஞ்சிடும், ஃபைட் ஞாயிறு காலமைதான், யோசிக்க ஒரு முழு நாள் இருக்கு. ரூயிஸ் முதல் ஃபைட்டுக்கு 268 றாத்தல், அதே வருஷம் டிசம்பரில திரும்ப அடிக்க வரேக்க 283, ஜோஷுவா பத்து றாத்தல் மட்டில குறைஞ்சு 237இல வந்து நிக்கிறான். அந்த ரெண்டு நம்பரிலயே ஆர் ட்ரெயினிங் செய்தவன், ஆர் கொண்டாடினவன் எண்டு தெரிஞ்சுபோச்சு, ஜோஷுவா ஓடி ஓடி ஜாப் அடிச்சு லேசா வெண்டவன்.

குரூப்பில எங்கட கணிப்புக்குப் புள்ளி போடுற முறை: 70 வீதம் எண்டு சொல்லி அவன் வெண்டா மிச்ச 0.3ஐ 0.3ஆல பெருக்கி 0.09, தோத்தா 0.7ஐ 0.7ஆல பெருக்கி 0.49. ஆருக்குக் குறையவோ அவர்தான் முன்னுக்கு. எல்லாத்துக்கும் 50 எண்டு போடுறவருக்கு எப்பவும் 0.25தான் வரும், அதைவிடக் கூட வந்தா நீங்கள் தேவையில்லாத நம்பிக்கையோட எழுதுறீங்கள். இந்தக் கணக்கு வந்த பிறகு "நான் அப்பவே சொன்னனான்" எண்ட கதை குரூப்பில நிண்டுபோச்சு, ரியாத் ஃபைட்டுக்கு விடியப்புறம் மூண்டரைக்கு நித்திரை முழிச்சிருந்து பாக்கிற பெடியள் கூட முதல்ல கணக்கைத்தான் கேக்கினம்.

எல்லாம் சேர்ந்து வேலை செய்த ஃபைட் எண்டா 2025 செப்டம்பர் 13 க்ரோஃபர்ட் – கனெலோ. ஒட்ஸ் கனெலோ பக்கம் கொஞ்சம் சாஞ்சிருந்தது, க்ரோஃபர்டுக்கு 37 வயசு, 154 றாத்தலில இருந்து 168க்கு ரெண்டு டிவிஷன் (எடைப் பிரிவு) தாண்டி வாறான், பொக்ஸ்ரெக்கில பாத்தா அந்த எடை ஆக்களோட அடிச்ச ஃபைட்டே இல்ல. கொப்பியில மட்டும் வேற கதை. 2022 மே 7 பிவோல் – கனெலோ பக்கத்தில, கனெலோ நிண்ட இடத்தில நிண்டு ஒவ்வொரு அடியாத்தான் அடிக்கிறான், கால் நிக்காம ஜாப்போட போறவனைப் பிடிக்க ஏலாது, 8ஆம் ரவுண்டுக்குப் பிறகு கை குறையுது எண்டு எழுதியிருந்தன். க்ரோஃபர்ட் கால் நிக்காத ஆள், அதோட இடக்கைக்காரன் மாதிரியும் நிப்பான். 58 வீதம், பொயின்ட்ஸ் எண்டு போட்டன். 116-112, 115-113, 115-113 எண்டு க்ரோஃபர்டுக்கு வந்தது.

தொடங்க நினைக்கிற ஆக்கள் அந்த பிவோல் – கனெலோ ஃபைட்டையே முதல்ல எடுங்கோ. மூண்டு ஜட்ஜ்மாரும் 115-113 எண்டு ஒரே ஸ்கோர் போட்ட ஃபைட், ஆனா கனபேர் பிவோல் அதைவிட வடிவா வெண்டவன் எண்டுதான் சொல்லுவினம், ஸ்கோர் போட்டுப் பழக நல்ல ஃபைட். முதல் நாள் ஆறு ரவுண்ட், அடுத்த நாள் மிச்சம், ஒரே இருப்பில பன்னிரண்டையும் போட்டா கடைசி ரவுண்டுகளில கவனம் போயிடும். உங்கட ஸ்கோர் வேற மாதிரி வந்தா நட்சத்திரம் போட்ட ரவுண்டுகளை மட்டும் திருப்பிப் பாருங்கோ, வித்தியாசம் அங்கதான் இருக்கும்.