பாட்டி கூப்பிட்ட ‘கறுப்பா’வும் மைதானத்தில் கூப்பிட்ட ‘கறுப்பா’வும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஃபுட்பால் டோர்னமென்ட் கமிட்டியில் இருப்பவனுக்குப் பந்தை விட வாய்தான் பெரிய தலைவலி. போன வருஷம் கால் இறுதியில் ஒரு பையன் கண் கலங்கி வந்து, எதிர் டீமின் ஸ்டாப்பர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரன்) தன்னைக் ‘கறுத்த கொரங்கே’ என்று சொன்னதாகப் புகார் சொன்னான். கூப்பிட்டுக் கேட்டால் அவனோ, “நான் ‘கறங்காதடே’ன்னுதான் சொன்னேன், பந்தை வச்சுச் சும்மா கறங்கிட்டே கெடந்தான்” என்கிறான். கறங்குவது என்றால் எங்கள் பக்கம் சுற்றுவது. ரெஃபரி அப்போது மைதானத்தின் மறுபாதியில். வேறு யார் காதிலும் விழவில்லை. இரண்டு பேரையும் கை கொடுக்க வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தோம். புகார் சொன்ன பையன் இந்த வருஷம் எங்கள் மைதானத்துப் பக்கமே வரவில்லை, எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூர் டீம் ஒன்றுக்கு ஆடுகிறான்.

அதனால் இந்த முறை நோட்டீஸ் அடிக்கும் முன்பே விதி எழுத உட்கார்ந்தோம். எந்த முறையில் தீர்ப்புச் சொல்வது? கோர்ட் மாதிரியா, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் மாதிரியா, இத்தாலி மாதிரியா, அல்லது ஊர் வழக்கப்படி குருசடியில், அதாவது சிலுவை நட்ட சிறு கோயிலில், சத்தியமா?

முதல் இரண்டையும் ஒரே சம்பவத்தில் வைத்துப் பார்க்கலாம். 2011 அக்டோபர் 23, லண்டனில் கியூ.பி.ஆர். - செல்சி ஆட்டம். செல்சி கேப்டன் ஜான் டெர்ரி, கியூ.பி.ஆர். வீரர் ஆன்டன் ஃபெர்டினாண்டை நிறம் சொல்லித் திட்டியதாக வழக்கு. வாயசைவு வீடியோவில் இருக்கிறது, அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்து வந்ததை டெர்ரியும் மறுக்கவில்லை. ‘நான் அப்படிச் சொன்னதாக அவன் பழி போட்டான் என்று நினைத்தேன், அதைத்தான் நக்கலாகத் திருப்பிச் சொன்னேன்’ என்பது அவர் வாதம். 2012 ஜூலையில் கோர்ட், அந்த விளக்கம் உண்மையாக இருக்கவும் இடமிருக்கிறது, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்று விடுதலை செய்தது. செப்டம்பரில் கால்பந்துச் சங்கத்தின் குழு அதே விளக்கத்தை நம்பவே முடியாது என்று தள்ளிவிட்டு 4 ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்ட் அபராதமும் போட்டது. அதே வாய், அதே வீடியோ, ஆனால் இரண்டு இடமும் கேட்ட கேள்வி வேறு. கோர்ட் கேட்டது ‘வேறு மாதிரி நடந்திருக்க வழியே இல்லையா?’ என்று. சங்கம் கேட்டது ‘எது நடந்திருக்க அதிக வாய்ப்பு?’ என்று.

கோர்ட் அளவுகோல்தான் நியாயம் என்று எங்கள் கமிட்டியில் ஒரு அண்ணன் கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கிரிக்கெட்டில் நடந்த ஹர்பஜன் - சைமண்ட்ஸ் விவகாரம் மனப்பாடம். 2008 சிட்னி டெஸ்ட், ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸை ஹர்பஜன் ‘மங்கி’ என்றாரா, இந்தி வசவா என்று உலகமே அடித்துக்கொண்டதே, அதேதான். முதலில் 3 டெஸ்ட் தடை, அப்பீலில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் தடையை நீக்கி, வசவுக்காக ஆட்டச் சம்பளத்தில் பாதியை மட்டும் பிடித்தார். எங்கள் ‘கொரங்கே - கறங்காதே’ கதையும் அதே ரகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோர்ட் ஒருவனை ஜெயிலுக்கோ அபராதத்துக்கோ அனுப்புகிற இடம், குற்றவாளி என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டும், அதனால் அவ்வளவு எச்சரிக்கை. நாங்கள் போடப்போவது இரண்டு மூன்று ஆட்டத் தடை. அதற்கும் அதே அளவுகோல் என்றால், ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்து காதோரம் திட்டத் தெரிந்தவன் ஒருநாளும் மாட்டமாட்டான்.

என்னைத் திருப்பியது லிவர்பூல் வீரர் சுவாரெஸ் மீது மான்செஸ்டர் யுனைடெட்டின் கறுப்பின வீரர் எவ்ரா சொன்ன புகார். டெர்ரி விவகாரத்துக்கு எட்டு நாள் முன்பு, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில். அதில் சாட்சியும் இல்லை, தெளிவான ஒலியும் இல்லை. பேச்சு ஸ்பானிஷில் நடந்தது. ‘நெக்ரோ’ (கறுப்பன்) என்று ஒரு தடவை சொன்னேன், உருகுவேயில் அது சாதாரணமாகக் கூப்பிடுவது, சமாதானமாகத்தான் சொன்னேன் என்றார் சுவாரெஸ். இது நமக்குப் புரியாத வாதமில்லை. என் பாட்டி சாகும் வரை என்னைக் ‘கறுப்பா’ என்றுதான் கூப்பிட்டாள், அதில் முத்தம் இருந்தது. அதே சொல்லை கார்னர் கிக்கின்போது, விலாவில் முழங்கையை வைத்துக்கொண்டு ஒருவன் சொன்னால் அதிலும் முத்தம் இருக்கிறது என்று நம்பச் சொன்னால் எப்படி? கால்பந்துச் சங்கத்தின் குழுவும் ஏறக்குறைய அதைத்தான் பார்த்தது. மொழி வல்லுநர்களை வைத்து அந்தச் சொல் எங்கே அன்பு, எங்கே இளக்காரம் என்று கேட்டார்கள். பிறகு இருவர் சொன்னதையும் வீடியோவோடு வைத்துப் பார்த்தார்கள். எவ்ராவின் கையைக் கிள்ளியதும் சமாதானத்துக்குத்தான் என்ற சுவாரெஸ் பேச்சு வீடியோ முன்னால் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு அவர் தன் கிளப் ஆட்களிடம் சொன்னதாக அவர்கள் சொன்னதும், பிறகு அவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. எவ்ராவும் பிரெஞ்சு டிவியில் பத்து தடவை என்று கூட்டிச் சொல்லியிருந்தார், அதையும் மறைக்காமல் எடுத்துப் பேசித்தான் அவரை நம்பினார்கள். 8 ஆட்டத் தடை, 40,000 பவுண்ட், 115 பக்கத்துக்குக் காரணங்கள். அந்த 115 பக்கம்தான் எனக்குப் பிடித்தது. தீர்ப்புப் பிடிக்காதவனும் எந்த வரியில் தப்பு என்று கைவைத்துச் சண்டை போடலாம்.

இன்னொன்று, சுவாரெஸ் இனவெறியர் என்று எவ்ராவே சொல்லவில்லை. ‘அவன் நல்ல பையன் சார், அப்படிப்பட்டவன் இல்லை’ என்று டீமே திரண்டு வந்து நிற்கிறதே நம் ஊரில், அது கேட்காத கேள்விக்குப் பதில்.

இத்தாலி இதற்கு நேர் எதிர். 2024 மார்ச்சில் இன்டர் - நாப்போலி ஆட்டத்தில் நாப்போலியின் கறுப்பின வீரர் ஹுவான் ஜேசுஸ், இன்டரின் அச்செர்பி மீது ரெஃபரியிடம் அப்போதே புகார் சொன்னார். வசவு இருந்தது, ஆனால் அதில் நிறம் இருந்தது என்பதற்கு ஜேசுஸின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரமில்லை என்று நீதிபதி தண்டனையின்றி விட்டார். ஜேசுஸ் பொய் சொன்னார் என்றும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் இத்தாலி எனக்குப் பிடிக்கும். நிரூபணமாகவில்லை என்றால் புகார் சொன்னவன் பொய்யன் என்று எங்கள் பக்கம் உடனே கட்டிவிடுவார்கள். ஆனால் கேட்டவன் யாரும் இல்லாவிட்டால் புகாரே நிற்காது என்றால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவான். 2021-ல் ஸ்லாவியா பிராக் வீரர் குடேலா, ரேஞ்சர்ஸின் கமாராவிடம் போய்க் கையால் வாயை மறைத்துத்தான் பேசினார். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஏஃபா அவருக்கு 10 ஆட்டத் தடை போட்டது.

குருசடி சத்தியம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மாதாவுக்கு யார் அதிகம் பயப்படுகிறான் என்பதுதான் அதில் தெரியும்.

சொல்லே இல்லாத வசவும் உண்டு. 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டத்தில் பெங்களூரு வீரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக் காட்டியதாகக் கேரளா பிளாஸ்டர்ஸ், தன் மேகாலயா வீரர் ஐபன் டோலிங்குக்காகப் புகார் எழுப்பியது. மூக்கைப் பிடித்தால் என்ன அர்த்தம் என்று கடற்கரைக்காரனுக்கு வல்லுநர் வந்து சொல்ல வேண்டாம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் அம்மாவை நாற்றம் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதனால் விதியில் ‘சொல்’ என்பதோடு ‘சைகை’யும் சேர்த்தோம்.

கடைசியில் இங்கிலாந்து முறையைத்தான் எடுத்தோம், அந்த அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். புகார் வந்த உடனே ஆட்டத்தை நிறுத்தி, இருவரையும் தனித்தனியாக, டீம் ஆட்கள் காதில் ஓதும் முன், சொன்ன சொல் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுத வேண்டும், ‘கொரங்கே’ என்றால் ‘கொரங்கே’ என்றே. தீர்ப்பின் கீழே காரணம் இரண்டு வரியாவது இருக்க வேண்டும்.

தடை எத்தனை ஆட்டம் என்பதில்தான் இழுபறி. நாக்அவுட் டோர்னமென்டில் தோற்ற டீம்காரனுக்கு 3 ஆட்டத் தடை போட்டு என்ன பிரயோஜனம், அவன் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுவான். அடுத்த வருஷத்துக்குச் சேர்த்து எண்ணலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன், அதற்கு அந்த நோட்டைத் தொலைக்காமல் யார் வைத்திருப்பது என்று கேட்கிறார்கள்.