ஐந்து தட்டு, ஒரே பெட்டி, 60 வெள்ளி: இணைய ஏலத்தில் என் ஒன்பது ஆண்டுகள்

எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், பின்வரிசையில் குடியிருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் கோயில் வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார். "அண்ணே, இணைய ஏலத்தில் ஒரு பழைய கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் பல வருடமாக வாங்கி விற்கிறீர்களே, நம்பிக் கேட்கலாமா?" அன்று காலையில்தான் ஒரு பெட்டியைப் பிரித்து, உள்ளே இரண்டாகப் பிளந்து கிடந்த பழைய அரக்கு இசைத்தட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அந்த மனநிலையில் வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியவில்லை. "எழுதி அனுப்புகிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்ததும் நீண்டுவிட்டது.

கணக்கு தொடங்குவது, பணம் கட்டுவது, கடைசி நிமிடத்தில் விலை ஏறுவது எல்லாம் அவருக்கே தெரியும். ஒன்பது ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: அஞ்சல் கட்டணம். தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. விற்றவரின் பெயரும் வேண்டாம்.

நான் தேடுவது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பா பால் வெட்டினார். லயத்து வீட்டில் எங்களிடம் சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன் பெட்டியும் முப்பது, நாற்பது தட்டுகளும் இருந்தன. கல்கத்தாவில் 1928இல் தொடங்கிய டம் டம் ஆலையில் அழுத்தி எடுக்கப்பட்டு, கப்பலேறி மலாயா வந்த தட்டுகள் அவை. தோட்டம் விற்கப்பட்டுப் பால்மரங்கள் சாய்க்கப்பட்டபோது நாங்கள் லாரியில் வீடு மாறினோம். தட்டுகள் இருந்த பலகைப் பெட்டியின் மேல் யாரோ ஆட்டுக்கல்லை ஏற்றிவிட்டார்கள். நான்கு தட்டுகள் மிஞ்சின. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கத்தான் ஏலத்துக்குள் வந்தேன். இன்றுவரை 21 கிடைத்திருக்கின்றன. ஈப்போவின் பழைய பொருள் கடைகளில் இருபது ஆண்டுகள் அலைந்தும் கிடைக்காதவை, வீட்டில் உட்கார்ந்தபடி கிடைத்தன. அந்த நன்றியை மறந்து நான் எதுவும் எழுதமாட்டேன்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். வடக்கே ஒரு நகரத்திலிருந்து ஒருவர் ஒரே இரவில் பதினைந்து தட்டுகளை ஏலம் விட்டார். ஐந்து எனக்கு விழுந்தன. ஐந்துக்கும் சேர்த்து ஏல விலை 41 வெள்ளி (ரிங்கிட்). தட்டு ஒன்றுக்கு அஞ்சல் 12 வெள்ளி என்று போட்டிருந்தார். ஒன்றாகக் கட்டி அனுப்பும்போது குறைத்துக்கொள்வார் என்று நம்பினேன். தளம் அஞ்சலைப் பொருளுக்குப் பொருள் கூட்டி 60 வெள்ளி என்று காட்டியது. அவருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இரண்டு வரி: "கட்டணத்தைப் பார்த்துத்தானே ஏலம் கேட்டீர்கள். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்." கட்டினேன். ஐந்தும் ஒரே பெட்டியில் வந்தன. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கூரியர் சீட்டில் அச்சாகியிருந்த தொகை 13 வெள்ளி 20 சென்.

கோபத்தில் கணக்குத் தவறிவிடக் கூடாது என்று தராசையும் அளவுகோலையும் எடுத்து உட்கார்ந்தேன். அரக்குத் தட்டின் குறுக்களவு 25 சென்டிமீட்டர். எடை 200 கிராமுக்கு முன்பின் இருக்கும். ஒரே ஒரு தட்டை உடையாமல் அனுப்ப 32 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி வேண்டும். கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். சில நிறுவனங்களில் 6000. வருகிற எண்ணையும் தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்குகிறார்கள். ஒரு தட்டுப் பெட்டி தராசில் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். ஆனால் பெருக்கி வகுத்தால் 1.23 கிலோ. அதாவது பணத்தில் பாதிக்கு மேல் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்குப் போகிறது. ஆகவே ஒற்றைத் தட்டுக்கு 12 வெள்ளி கேட்டதை நான் குறை சொல்லமாட்டேன். அது நியாயமான தொகை.

அதே பெட்டியின் உயரத்தை 8 சென்டிமீட்டராக்கினால் ஐந்து தட்டுகள் அடங்கிவிடுகின்றன. பெருக்கி வகுத்தால் 1.64 கிலோ. தராசிலும் ஏறக்குறைய அதுவேதான். ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையே கூடியது 400 கிராம். அந்த 400 கிராமுக்கு அவர் 48 வெள்ளி வாங்கியிருக்கிறார்.

விதியைப் படித்தேன், ஒப்புக்கொண்டேன், கட்டினேன். அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆனாலும் அஞ்சல் கட்டணம் என்று பெயரிட்டு ஒரு தொகையைக் கேட்டால், அது அஞ்சலுக்குப் போக வேண்டும். தட்டுக்கு இருபது வெள்ளி வேண்டுமென்றால் ஆரம்ப விலையை இருபது என்று போடட்டும். பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் கேட்பேன், இல்லாவிட்டால் விலகிப்போவேன். 1 வெள்ளியில் ஏலத்தைத் திறந்துவைத்து, லாபத்தை அஞ்சலுக்குள் ஒளித்து வைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த வழி பலன் கொடுக்கிறது என்பதால்தான் செய்கிறார்கள். தன்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் தாங்களே குறுந்தட்டுகளையும் விளையாட்டுத் தட்டுகளையும் ஏலம் விட்டுப் பார்த்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். அஞ்சலும் ஆரம்ப விலையும் சேர்ந்த தொகை ஒன்றாகவே இருந்தாலும், ஆரம்ப விலையைக் குறைத்து அஞ்சலை ஏற்றினால் பெரும்பாலும் கூடுதல் ஆட்கள் வந்து கூடுதலாகக் கேட்டார்கள். ஏலம் கேட்பவர்களின் கண் ஏறும் விலையிலேயே இருக்கிறது. அஞ்சலை முழுதாகச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். விலை 6, 7, 8 என்று ஏறும்போது கடிகாரத்தைப் பார்த்தேனே தவிர, 12 என்ற எண் என் நினைவில் இல்லை.

2011இல் ஈபே அமெரிக்காவில் அஞ்சல் கட்டணத்தின் மேலும் தரகு வாங்கத் தொடங்கியது. விலையை 1 டாலராக வைத்து அஞ்சலில் மிச்சத்தை வாங்கித் தரகிலிருந்து தப்பியவர்களுக்கு அது அணை போட்டது. ஆனால் அந்த மருந்து நேர்மையானவனையும் சுடுகிறது. நான் பயன்படுத்தும் தளமும் இதே வழக்கத்தை வைத்திருக்கிறது. கூரியருக்குக் கொடுக்க நான் வாங்கும் 20 வெள்ளியில் 2 வெள்ளியைத் தளம் எடுத்துக்கொள்கிறது. அந்த இருபதும் என் கையில் தங்காத பணம். பிடித்த 2 வெள்ளியை யாரிடம் வாங்குவது? வாங்குபவரிடம் கேட்டால் நான் கொள்ளைக்காரன். கேட்காவிட்டால் என் தட்டின் விலையிலிருந்து போகிறது.

விற்கும் பக்கத்தில் நான் பட்டதையும் சொல்லாவிட்டால் இது ஒருதலைப் பேச்சாகிவிடும். இரட்டையாகச் சேர்ந்துவிட்ட தட்டுகளை விற்பது என் வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன் சரவாக்கின் மிரியில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு தட்டுகள் எடுத்தார். கடல் தாண்டி விமானத்தில் போக வேண்டிய பெட்டி; தீபகற்பத்துக்குள் அனுப்பும் கட்டணம் அங்கே செல்லாது. 26 வெள்ளி வாங்கினேன். சீட்டில் 21 வெள்ளி 50 சென் இருந்தது. தட்டுகள் கீறலின்றிப் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் அவர் என் பெயருக்குக் கீழே எழுதினார்: "அஞ்சலில் லாபம் பார்க்கும் விற்பனையாளர்."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைவிடப் பெரிதாக வெட்டிய தடித்த அட்டைகள் இரண்டின் நடுவே தட்டை வைத்து, அசையாமல் ஒட்டி, காற்றுக்குமிழ்த் தாளில் சுற்றி, அதைப் பெரிய பெட்டிக்குள் நான்கு பக்கமும் இடைவெளி விட்டு நிறுத்தி, இடைவெளியில் கசக்கிய தாளைத் திணித்து... ஒரு பெட்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒட்டுநாடாவும் குமிழ்த்தாளும் காசு கொடுத்து வாங்கியவை. எங்கள் தாமானிலிருந்து பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் 9 கிலோமீட்டர்; போக வர 18. அந்த 4 வெள்ளி 50 சென்னில் எனக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்டது சீட்டிலிருந்த எண்ணை மட்டும்தான். என் வடக்கத்தி விற்பனையாளரின் பெட்டியில் நான் கண்டதும் அதுவேதான்.

அன்று முதல் ஒவ்வொரு ஏலத்திலும் பிரித்து எழுதுகிறேன். கூரியர் சீட்டில் உள்ள தொகை அப்படியே. கட்டுவதற்குப் பெட்டிக்கு 3 வெள்ளி. இரண்டாவது தட்டிலிருந்து தட்டுக்கு 1 வெள்ளி. சீட்டின் படம் அனுப்பப்படும். கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பித் தரப்படும். தளத்தில் இப்படிப் பிரித்துக் காட்ட இடமே கிடையாது. பொருள் விவரத்தின் அடியில் கையால் எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தளத்தின் நிறத்தை மாற்றுகிறார்கள், படத்தைப் பெரிதாக்குகிறார்கள். ஒரே விற்பனையாளரிடம் எடுத்த பொருள்களுக்கு அஞ்சலைச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு பொத்தானை மட்டும் வைக்கவில்லை. மூன்று முறை எழுதிக் கேட்டேன். மூன்று முறையும் நன்றி சொல்லிப் பதில் வந்தது.

பிரித்து எழுதியதால் எனக்கு நட்டம்தான். ஒரே தரத்திலிருந்த இரண்டு தட்டுகளை ஒருமுறை விட்டேன். ஒன்றுக்கு "அஞ்சல் இலவசம்" என்று போட்டு ஆரம்ப விலையை அதற்கேற்ப ஏற்றினேன். மற்றதற்கு என் வழக்கப்படி பிரித்து எழுதினேன். இலவசம் என்றதற்கு ஏழு பேர் வந்தார்கள். பிரித்து எழுதியதற்கு இரண்டு பேர். அந்த இலவசத்திலும் நியாயம் இல்லை. ஈப்போக்காரரும் சரவாக்கின் கூச்சிங்காரரும் ஒரே விலை கொடுப்பார்கள்; விமானச் செலவை 30 கிலோமீட்டரில் இருப்பவர் சுமப்பார்.

ஆனால் தூரத்தை வைத்து அளப்பதே நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 1840க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குத் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் வாங்கினார்கள். பெரும்பாலும் பெறுபவர்தான் கட்டினார். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போக ஆகும் செலவு மிகச் சிறியது, வாங்குவதிலும் பிரிப்பதிலும் கொடுப்பதிலும்தான் செலவு இருக்கிறது என்று ரோலண்ட் ஹில் 1837இல் கணக்குக் காட்டினார். எடைக்கு ஒரே கட்டணம், ஒரு பென்னி, அனுப்புபவர் முன்பணம் என்ற ஏற்பாடு அதிலிருந்து வந்தது. பெட்டி ஒன்று கிளம்புவதுதான் செலவு. உள்ளே இருப்பது ஒன்றா ஐந்தா என்பது சிறு விஷயம். தாள்களை எண்ணிக் காசு வாங்கிய அந்தப் பழைய வழக்கத்தைத்தான் தட்டுகளை எண்ணுகிறவர் இன்று மறுபடி நடத்துகிறார்.

கிராமபோன் ஊசி வாங்கிய கதையும் இதைச் சேர்ந்ததே. ஈப்போவில் ஒருவரிடம் ஒரு சிறு பொட்டலம் ஊசிக்கு அஞ்சல் 8 வெள்ளி. சீனாவிலிருந்து அதே அளவு ஊசி, அஞ்சல் உட்பட 6 வெள்ளிக்கு வந்தது. ஈப்போக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. 1874இல் அமைந்த உலக அஞ்சல் ஒன்றியத்தில், பெறும் நாட்டு அஞ்சலுக்கு அனுப்பும் நாடு கொடுக்க வேண்டிய தொகைக்கு ஒரு பொது ஏற்பாடு உண்டு. சிறு பொட்டலங்களுக்கு அது உண்மைச் செலவைவிடக் குறைவு என்று அமெரிக்கா ஒன்றியத்தைவிட்டே விலகப் பார்த்தது. 2019இல் ஜெனீவாவில் கூடி, நாடுகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே அறிவிக்க வழி செய்து முடித்தார்கள். அந்த ஈப்போக்காரரின் 8 வெள்ளியில் தவறே இல்லை. அவரைத் திட்டி எழுதியிருந்தேன்; பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

தோட்டத்து முகவரியின் துன்பம் தனி. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி என்ற தோட்ட எழுத்தர் பிரித்து, மாலையில் லயத்துக்கு அனுப்புவார். இப்போது தாமானுக்கு வீட்டு எண்கள் உண்டு, 31100 என்ற அஞ்சல் குறியீடு உண்டு. ஆனாலும் செம்பனைக்கு நடுவே உள்ள பாதையில் வர மனமில்லாமல் "வீட்டில் ஆள் இல்லை" என்று பதிந்துவிட்டுப் போன கூரியர் ஆட்களும் இருந்தார்கள். நான் அந்த நேரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வீடு வரைக்கும் கட்டணம் கட்டிய பொட்டலத்தைப் பட்டணத்து மளிகைக் கடையில் போய் எடுத்து வந்தேன்.

ஆகவே தம்பி, கேமராவை ஏலம் கேட்பதற்கு முன்பே அஞ்சல் எவ்வளவு, எதில் கட்டி அனுப்புவார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையில் அஞ்சலை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் உங்கள் உச்ச விலையாக வையுங்கள். நல்ல தளம்தான், எனக்கு அப்பாவின் 21 தட்டுகளை மீட்டுத் தந்தது. ஆனாலும் இந்த மாதம் என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அந்த ஐந்தில் உடைந்தது எதுவென்று சொல்லவில்லையே. வாரக் கடைசியில் அப்பா முதலில் போடும் தட்டு அது. பழைய செய்தித்தாள் ஒன்றை மட்டும் சுற்றி, நான்கு தட்டுகளுக்கு அடியில் வைத்து அனுப்பியிருக்கிறார். 60 வெள்ளியில் ஒரு சிறு பங்குக்கு அட்டை வாங்கி நடுவில் வைத்திருந்தால் அது இந்நேரம் பாடிக்கொண்டிருக்கும். இரண்டு துண்டுகளையும் மேசை மேல் சேர்த்து வைத்திருக்கிறேன். அதே தட்டு வேறொருவரிடம் நாளை இரவு ஒன்பது மணிக்கு ஏலம் முடிகிறது. அஞ்சல் 14 வெள்ளி. எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.