ஒரே வீடு, மூன்று கொட்டேஷன்

வீட்டுக்கு ஏசியோ ஹீட் பம்போ (குளிர்விப்பதோடு வெப்பமும் தரும் ஏசி மாதிரி இயந்திரம்) போட மூன்று பேரிடம் விலை கேட்டால் கண் நேரே கடைசி வரித் தொகைக்குத்தான் ஓடும். ஆனால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருப்பது அபூர்வம்.

முதலாமவர் ஒரே வரியில் முடித்திருப்பார்: "2 டன் இன்வர்ட்டர், ஃபிட்டிங் உட்பட." தொகை குறைவாக இருக்கும், ஆனால் மாடல் எண் இருக்காது. உள் யூனிட், வெளி யூனிட் இரண்டின் மாடலும் தெரியாமல் அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று பார்க்க வழியில்லை. காப்பர் பைப் எத்தனை மீட்டர் சேர்த்தி என்பதும் தெரியாது. சுவரில் ஓட்டை போட்ட பிறகு, "பைப் பத்தலை சார்" என்று ஆரம்பிப்பார்.

இரண்டாமவர் பிரித்து எழுதுவார்: யூனிட், பைப்பின் அளவும் நீளமும், தண்ணீர் வடியும் குழாய், தனி மின் இணைப்பு, பழையதைக் கழற்றும் கூலி. தொகை கூடுதலாகத் தெரியும். பிரித்து எழுதியவரெல்லாம் யோக்கியர் என்று சொல்லவில்லை. ஸ்க்ரூவுக்குக்கூட வரி போட்டுப் பக்கத்தை நிரப்புகிறவர்களும் உண்டு. நான் தேடுவது 'இதில் சேராதவை' என்ற பகுதியை. பூச்சு வேலை யார் பொறுப்பு, பழைய டக்டில், அதாவது காற்று போகும் குழாயில், கசிவு இருந்தால் அடைப்பது யார் என்பதையெல்லாம் முன்பே எழுதித் தருகிறவரிடம் பின்னால் சண்டை குறைவு.

மூன்றாமவர் தாராளப் பேர்வழி. "அதே விலைக்கு 3 டன் தர்றேன்." இதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். 1 டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். தேவைக்கு மேல் பெரிய யூனிட் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசருக்கும் தேய்மானம். இன்வர்ட்டர் வகை கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்து இதை ஓரளவு சமாளிக்கும். ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. எனவே டன் கணக்கு எப்படி வந்தது என்று மூவரிடமும் கேளுங்கள். தரைப் பரப்பை மட்டும் வைத்துச் சொன்னவரைவிட, ஜன்னல் எந்தத் திசை, கூரைக்கு வெப்பக்காப்பு உண்டா என்று பார்த்து அளந்தவரின் எண்ணை நம்பலாம்.

வெப்பமூட்டவும் வேண்டுமென்றால் இன்னொரு கேள்வி. ஹீட் பம்பின் திறனை வழக்கமாக வெளியே 7, 8 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளந்துதான் அச்சிடுகிறார்கள். குளிர் ஏற ஏற அது குறையும். உங்கள் ஊரின் கடும் குளிரில் எவ்வளவு கிடைக்கும் என்று எழுதி வாங்குங்கள். சிறிய ஹீட் பம்போடு பெரிய மின் ஹீட்டரைச் சேர்த்தால் கொட்டேஷன் மலிவாகும், கரண்ட் பில் ஏறும். ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் பெரும்பாலும் அதைப்போல 2 முதல் 4 மடங்கு தரும்.

உத்தரவாதத்தில் மூவரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கம்ப்ரசருக்கு நீண்ட வருடங்கள் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கழற்றி மாட்டும் கூலியும், உள்ளே நிரப்பும் குளிரூட்டும் கேஸின் செலவும் யார் தலையில் என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஒற்றை வரிக் கொட்டேஷனில் அநேகமாக வராதது சோதனை. பைப்பை நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு பார்க்க வேண்டும், அப்புறம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, 500 மைக்ரானுக்குக் (இங்கே இது அழுத்தத்தின் அளவு) கீழே வேக்கம் எடுக்க வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகி கம்ப்ரசரை அரிக்கும். அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்த வேலைதான்.

நான் என்றால் இரண்டாமவரின் பட்டியலை விலையை மறைத்து மற்ற இருவருக்கும் கொடுத்து, அதே வரிகளை நிரப்பச் சொல்வேன். முதலாமவரின் தொகை அப்போது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கலாம். சரி, யாரைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசித் தவணையை வேக்கம் மீட்டரின் அளவை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்த பிறகு கொடுங்கள்.